ஆசிட்டுக்குப் பேர் வைக்க உட்கார்ந்த சாமியார்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற யாரிடம் கேட்டாலும் டக்கென்று சொல்வார்கள்: விபுலானந்தர், யாழ் நூல், இலங்கை. ஒரு மார்க். அதோடு அவர் கதை முடிந்துவிடும். காவி கட்டின ஒரு துறவி, பழைய இசையை ஆராய்ந்தவர், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

சம்பந்தம் இருக்கு. அந்த மனுஷன் தமிழ்ப் பேராசிரியர் ஆவதற்கு முன்னால் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தவர். கொழும்பில் ஒரு டெக்னிகல் கல்லூரியில் படித்து, அங்கேயே கெமிஸ்ட்ரிக்கு உதவி ஆசிரியராக வேலை பார்த்தவர். பின்னால், எங்க ஜில்லா தலைநகரான திருநெல்வேலியில் தொடங்கின ஒரு சங்கம் அறிவியல் சொற்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் வேண்டும் என்று கிளம்பியபோது, அந்த வேலைக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டது இவரைத்தான். முதல் செமஸ்டரில் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி எழுதி வந்த நாம எல்லாருமே அவருக்கு ஏதோ ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்.

மட்டக்களப்புப் பக்கம் கடலை ஒட்டி காரைதீவு என்று ஓர் ஊர். கண்ணகி அம்மன் கோயில் உள்ள ஊர். 1892ல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் மயில்வாகனன். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் படிப்பு, அப்புறம் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. அதாவது நம்மில் பலர் மாதிரி இங்கிலீஷ் மீடியம் பையன். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் பாஸ். தமிழ் அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் வந்தது. வீட்டுத் திண்ணையில், ஊரில் தமிழ் தெரிந்த பெரியவர்களிடம். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, திண்ணையில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவார்கள். எதை விடுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவர் இரண்டையும் விடவில்லை.

கொழும்பில் ஆசிரியர் பயிற்சி முடித்து, கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்து, 1915ல் டெக்னிகல் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருஷம் விஞ்ஞானத்தில் டிப்ளமோ. அதே 1916ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையும் பாஸ். இலங்கையிலிருந்து அந்தப் பட்டத்தை வாங்கின முதல் ஆள் இவர்தான். இதைக் கொஞ்சம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பிப்பெட், பியூரெட், டைட்ரேஷன். இன்னொரு பக்கம் தொல்காப்பியமும் நன்னூலும். இரண்டும் ஒரே வருஷத்தில், ஒரே மண்டைக்குள். நாம ஒரு அரியரை க்ளியர் பண்ணவே ரெண்டு வருஷம் எடுக்கிறோம்.

1917ல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் சயின்ஸ் ஆசிரியர் ஆனார். 1920ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அந்தச் சமயத்திலேயே மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமையாசிரியராகவும் போனார்.

மானிப்பாய் என்றதும் ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும். ஏனென்றால் தமிழில் கெமிஸ்ட்ரி எழுதிய கதையின் முதல் அத்தியாயம் அந்த ஊரில்தான் நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 1847ல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் டாக்டர், மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து நடத்தினார். 1864லிருந்து மருத்துவத்தை முழுக்கத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே? அனாடமி, சர்ஜரி, பிரசவம் என்று ஒவ்வொன்றாகத் தன் மாணவர்களை வைத்து மொழிபெயர்த்தார். 1875ல் வெளிவந்த கெமிஸ்ட்ரி புத்தகத்தின் பெயர் என்ன தெரியுமா? கெமிஸ்தம். கெமிஸ்ட்ரியைத் தமிழ் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு சொல். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும், அது நிலைக்காமல் போனாலும்.

கிரீன் போய் ஏறக்குறைய 50 வருஷம் கழித்து, அதே ஊரில், லண்டன் டிகிரியும் மதுரைப் பண்டிதர் பட்டமும் வைத்திருந்த ஒருத்தர் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போ ஆசிட்டுக்கு வருவோம். ஒரு பொருளுக்குப் பேர் வைப்பது ஏன் இவ்வளவு பெரிய வேலை என்பது இதில்தான் நன்றாகத் தெரியும். ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளும் கவனிங்க, இன்டர்னலுக்கும் ஆகும்.

பழைய காலத்தில் ஆசிடுக்கெல்லாம் ஊர்ப்பெயர் மாதிரி ஒரு பெயர் இருக்கும். பச்சை நிற விட்ரியாலைக் காய்ச்சி இறக்கியது ஆயில் ஆஃப் விட்ரியால். உப்பிலிருந்து வந்தது ஸ்பிரிட் ஆஃப் சால்ட். பல உலோகங்களைக் கரைக்கிற வலிமை உள்ளது அக்வா ஃபோர்டிஸ், அதாவது முரட்டுத் தண்ணி. நம்ம ஊரிலும் இதே கதைதான். சித்த மருத்துவத்தில் இதற்கெல்லாம் திராவகம் என்று பெயர். வெடியுப்பையும் படிகாரத்தையும் அன்னபேதியையும் வாலையில் வைத்துக் காய்ச்சி இறக்கினால் வெடியுப்புத் திராவகம். நகை ஆசாரிகள் இன்றைக்கும் திராவகம் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பெயர்களில் கதை இருக்கும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது இருக்காது. பெயரைக் கேட்டு ஃபார்முலா எழுத முடியாது.

1787ல் பாரிஸில் லவாய்சியரும் அவருடைய மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு புத்தகம் போட்டார்கள். இனிமேல் ஒரு சேர்மத்தின் பெயரே அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் மொத்த விஷயம். சல்ஃபரிலிருந்து வந்த ஆசிட் என்றால் பெயரில் சல்ஃபர் இருக்கணும். அதில் ஆக்சிஜன் அதிகமா குறைவா என்பதைப் பெயரின் வால் சொல்லணும். அதிகம் என்றால் 'இக்', குறைவு என்றால் 'அஸ்'. சல்பியூரிக் அமிலத்தில் நாலு ஆக்சிஜன், சல்பியூரஸ் அமிலத்தில் மூணு. நைட்ரிக்கில் மூணு, நைட்ரஸில் ரெண்டு. இவ்வளவுதான் ரூல்.

குளோரின் மட்டும் கொஞ்சம் பேராசை பிடித்தது. ஒரு ஆக்சிஜன், ரெண்டு, மூணு, நாலு என்று நாலு விதமாகவும் ஆசிட் வைத்திருக்கும். ரெண்டு வால் போதாது. அதனால் முன்னாலும் ஒட்டு சேர்த்தார்கள்: ஹைப்போகுளோரஸ், குளோரஸ், குளோரிக், பெர்குளோரிக். வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், மாடிப்படி ஏறுவது மாதிரி இருக்கும்.

லவாய்சியர் ஒரு இடத்தில் சறுக்கினார். எல்லா ஆசிட்டிலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று நம்பினார். ஆக்சிஜன் என்ற கிரேக்கப் பெயருக்கே புளிப்பை உண்டாக்குவது என்றுதான் பொருள். உப்பிலிருந்து வரும் ஆசிட்டுக்குள் ஆக்சிஜனே கிடையாது, குளோரின் என்பதே ஒரு தனிமம்தான் என்று 1810ல் ஹம்ப்ரி டேவி காட்டினார். அதைக் கேட்க லவாய்சியர் உயிரோடு இல்லை. 1794லேயே கில்லட்டினில் தலை போய்விட்டது. அதனால்தான் ஆக்சிஜன் இல்லாத ஆசிட்டுக்குத் தனி ரூல் வந்தது: முன்னால் ஹைட்ரோ, பின்னால் இக். ஹைட்ரோகுளோரிக். அதிலும் ஒரு சின்ன கண்டிஷன். தண்ணீரில் கரைந்தால்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வாயுவாக இருக்கும்போது வெறும் ஹைட்ரஜன் குளோரைடு.

இதெல்லாம் இங்கிலீஷில் சரி. இதைத் தமிழில் கொண்டுவர ஒருத்தர் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

முதல் சிக்கல் ஆசிட் என்ற சொல்லே. எங்க விக்கிரமசிங்கபுரத்தில் ஆசிட் என்றால் பாத்ரூம் கழுவுகிற மஞ்சள் பாட்டில். பேட்டரிக்கு ஊற்றுகிறதும் ஆசிட்தான். ஆனால் கார்த்திகைக்கு முன்னால் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறார்களே, அதை யாரும் ஆசிட் என்று சொல்ல மாட்டார்கள். விளக்கைப் பளபளப்பாக்குவது புளியில் இருக்கிற டார்டாரிக் ஆசிட்தான். எலுமிச்சையில் இருப்பது சிட்ரிக், மோரில் இருப்பது லாக்டிக். ஆக ஒரே சொல் பாட்டிலுக்கும் பொருந்த வேண்டும், புளிக்கும் பொருந்த வேண்டும். திராவகம் என்றால் புளி அடங்காது, அது வாலையில் இறக்கியது. புளி என்றே சொன்னால் நைட்ரிக்கைக் கேட்டவர்கள் ரசம் வைக்கப் போய்விடுவார்கள். காடி என்ற பழைய சொல் ஒன்று இருக்கு, புளித்த நீருக்கு. அமிலம், புளிப்பு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. கடைசியில் நின்றது அமிலம்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. சல்ஃபருக்கு அருமையான பழைய சொல் கையில் இருக்கு: கந்தகம். தீபாவளிக்கு வெடி வாங்கின எல்லாருக்கும் அந்த வாசனை தெரியும். உடனே கந்தக அமிலம் என்று போட்டுவிடலாம். காதுக்கும் நன்றாக இருக்கு. ஆனால் நாலு ஆக்சிஜன் உள்ளது கந்தக அமிலம் என்றால் மூணு ஆக்சிஜன் உள்ளது என்ன? அதுவும் கந்தகத்தின் அமிலம்தானே? 'இக்', 'அஸ்' என்ற ரெண்டு வாலுக்கும் தமிழில் ரெண்டு விகுதி கண்டுபிடிக்கணும். இல்லையென்றால் வாலோடு சேர்த்து முழுப் பெயரையும் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதணும். நடுவழி எடுத்தால் பையன் பரீட்சையில் ஃபார்முலாவைத் தப்பாக எழுதுவான். லேபில் என்றால் தப்பான பாட்டிலைத் தூக்குவான்.

இலக்கணம் மட்டும் படித்தவருக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படாது. கெமிஸ்ட்ரி மட்டும் படித்தவருக்கு விகுதி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சொல்லின் கடைசி அசை மாறினால் திணையும் பாலும் மாறும் என்று நன்னூல் படித்து, ஒரு பெயரின் கடைசி அசை மாறினால் ஆக்சிஜன் எண்ணிக்கை மாறும் என்று லேபிலும் படித்த ஆள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விபுலானந்தரை நான் முக்கியமானவர் என்று நினைப்பது இதனால்தான், யாழுக்காக இல்லை.

அவர் நேராக அந்த மேசைக்கு வந்துவிடவில்லை. 1922ல் வேலையை விட்டுவிட்டு சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திரா பௌர்ணமியில் துறவு. மயில்வாகனன் சுவாமி விபுலானந்தர் ஆனார். இராமகிருஷ்ண விஜயம் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து மதங்க சூளாமணி எழுதினார். இலங்கைக்குத் திரும்பி மட்டக்களப்புப் பக்கம் மிஷன் பள்ளிகளை நடத்தினார், 1929ல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். துறவி என்றால் உலகத்தை விட்டுப் போனவர் என்று நினைப்போம். இவர் பின்னாடி போன இடமெல்லாம் கரும்பலகையும் சாக்பீஸும் வந்துகொண்டே இருந்தது.

1931ல் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்து ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியர் இவர். ரெண்டு வருஷம் இருந்தார். பாரதியின் பாட்டுக்குப் பண்டிதர்கள் நடுவில் பெரிய மரியாதை இல்லாத நேரத்தில் பாரதியை மாணவர்களிடம் கொண்டுபோனவர்களில் இவரும் ஒருவர். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

இந்த இடத்தில் திருநெல்வேலி வருகிறது. 1934ல் இங்கே சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. பெயரில்தான் சென்னை, வேர் நெல்லையில். அதன் பின்னால் ஓடியாடி வேலை பார்த்தவர் இ.மு. சுப்பிரமணிய பிள்ளை. உயர்நிலைப் பள்ளியில் பாடங்களை இங்கிலீஷில் நடத்துவதா தாய்மொழியில் நடத்துவதா என்ற பேச்சு சூடாக இருந்த நேரம். தமிழில் நடத்தலாம் என்று யார் சொன்னாலும் எதிரே ஒரு கேள்வி வரும்: ஆக்சிஜனுக்கு உங்ககிட்ட வார்த்தை இருக்கா? இருக்கா இல்லையா என்று வாதாடிக்கொண்டு இருக்காமல் வார்த்தைகளைச் செய்துவிடலாம் என்று இறங்கியது இந்தச் சங்கம்.

முதல் முயற்சி இது இல்லை. 1916ல், அதாவது இவர் கொழும்பில் டிப்ளமோ வாங்கின அதே வருஷம், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்துப் பத்திரிகை நடத்தினார்கள். ராஜாஜி பின்னால் திண்ணை ரசாயனம் என்றே ஒரு புத்தகம் எழுதினார். கெமிஸ்ட்ரியைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசலாம் என்று நம்பியவர்.

திருநெல்வேலிச் சங்கம் செய்ததில் புதுசு என்னவென்றால், அது ஒருத்தர் இரண்டு பேர் வேலையாக இல்லாமல் துறைக்கு ஒரு குழு என்று பிரித்ததுதான். கணக்கு, இயற்பியல், வேதியியல், தாவரம், விலங்கு, வரலாறு, புவியியல் என்று தனித்தனியாக ஆட்கள். 1936ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கலைச்சொல் மாநாடு கூடியது. தலைவர் விபுலானந்தர். கெமிஸ்ட்ரிச் சொற்களும் அவர் பொறுப்பில் வந்தன. 1938ல் கலைச்சொற்கள் என்ற பெயரில் புத்தகமாக வந்தது, கிட்டத்தட்ட 10,000 சொற்கள்.

இந்த எண்ணிக்கையைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். கம்ப்யூட்டர் கிடையாது. எக்ஸெல் கிடையாது. துண்டுச்சீட்டில் எழுதி, தபாலில் அனுப்பி, பதில் வாங்கி, ஒரே இங்கிலீஷ் சொல்லுக்கு இயற்பியல்காரர்கள் ஒன்றும் கெமிஸ்ட்ரிக்காரர்கள் ஒன்றும் வைத்துவிடாமல் ஒத்துப்பார்த்து, 10,000 சொல். நம்ம ப்ராஜெக்ட் டீமில் நாலு பேர் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஃபாண்ட் முடிவு பண்ணவே மூணு நாள் ஆகுது.

இந்த வேலையை எல்லாரும் கைதட்டி வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும், சமஸ்கிருதத்திலிருந்து எடுப்போம் என்று ஒரு கட்சி. இங்கிலீஷ் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினால் போதும் என்று இன்னொரு கட்சி. 1940ல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு ஒரு குழு போட்டபோது இந்தச் சண்டை முழுசாக வெளியே வந்தது. பொதுச்சொல் என்ற பெயரில் தமிழை ஓரம்கட்டுகிறார்கள் என்று தமிழ் அமைப்புகள் எதிர்த்தன. ஹைட்ரஜனை ஹைட்ரஜன் என்பதா, நீரோடு சேர்த்து ஒரு பெயர் வைப்பதா என்பது அன்றைக்கு அரசியல்.

இங்கே எங்க ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போனால் ஊரில் நுழைய விடமாட்டார்கள். மாதவச் சிவஞான முனிவர். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர், 1785ல் மறைந்தவர். அவரும் துறவி, அவரும் இலக்கணக்காரர். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் மட்டுமே தனியாக ஒரு விருத்தி எழுதினார். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதில் ஒரு மயிரிழை பிசகினாலும் விடமாட்டார், எதிராளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சண்டைக்குப் போவார். அவர் மறைந்து ரெண்டு வருஷத்தில்தான் பாரிஸில் லவாய்சியரின் பெயர்ப் புத்தகம் வந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்தவருக்கும் சேன் நதிக்கரையில் இருந்தவருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஆனால் விபுலானந்தர் மாதிரி ஒருத்தர் வருவதற்கு இந்த இரண்டு பிடிவாதமும் தேவைப்பட்டது என்று எனக்குத் தோணும்.

கலைச்சொற்கள் வந்த அடுத்த வருஷம் அவர் இமயமலைக்குப் போனார். மாயாவதி ஆசிரமத்தில் பிரபுத்த பாரதம் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியர். 1941 வரை அங்கே. பிறகு இறங்கி வந்து யாழ் வேலை. சிலப்பதிகாரத்தில் வருகிற யாழுக்கு எத்தனை நரம்பு, எந்த நரம்பு எந்த சுரத்தில் பேசும் என்பதைப் பாட்டை மட்டும் வைத்து ஊகிக்காமல் அதிர்வெண்ணைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பழைய சயின்ஸ் வாத்தியார் போய்விடவில்லை. அந்த ஆராய்ச்சி மொத்தம் 14 வருஷம். நடுவில் 1943ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் ஆனார்.

1947 ஜூனில் தஞ்சைப் பக்கம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் தேதி இறந்துபோனார். 55 வயது. இந்தியச் சுதந்திரத்துக்கு இன்னும் 27 நாள். கல்லடி உப்போடையில் அவர் தொடங்கின பள்ளிக்கூட வளாகத்திலேயே சமாதி.

அவர் போன பிறகு அந்த வேலை ரெண்டு நாட்டில் ரெண்டு வழியாகப் பிரிந்தது. இலங்கையில் தமிழ் மீடியம் பிள்ளைகள் இன்றைக்கும் உயர்தரப் பரீட்சையில் கெமிஸ்ட்ரியைத் தமிழில் எழுதுகிறார்கள். அவர்கள் புத்தகத்தைத் திறந்தால் நமக்கு முதலில் தலை சுற்றும். ஆக்சிஜன் அங்கே ஒட்சிசன். ஹைட்ரஜன் ஐதரசன். கிரந்த எழுத்தே கிடையாது. சல்பியூரிக் அமிலம் சல்பூரிக்கமிலம், நைட்ரிக் அமிலம் நைத்திரிக்கமிலம். கார்பன் டை ஆக்சைடு என்ன தெரியுமா? காபனீரொட்சைட்டு. காபன், ஈர், ஒட்சைட்டு. இரண்டு என்பதற்கு 'டை' போடாமல் 'ஈர்' போட்டு, புணர்ச்சி விதிப்படி ஒட்டவைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் சிரித்தேன். ரெண்டாவது தடவை, அது எவ்வளவு சுத்தமான வேலை என்று புரிந்தது. சொல் வெளியூர்க்காரனாக இருக்கலாம், வீட்டுக்குள் வந்தால் வீட்டு ரூல்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் வேறு மாதிரி. ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம், சல்பியூரிக் அமிலம், பக்கத்திலேயே கந்தக அமிலமும். ஒலிபெயர்ப்பு பாதி, பழைய சொல் பாதி. பழகின காதுக்கு இது சுலபம். ஆனால் இங்கேயும் தமிழ் எழுத்து தன் வேலையைக் காட்டும். சோடியம் குளோரைடு என்றால் சாப்பாட்டு உப்பு. சோடியம் குளோரைட்டு என்றால் துணி வெளுக்கிற கெமிக்கல். குளோரைடிலிருந்து போனால் ஹைட்ரோகுளோரிக், குளோரைட்டிலிருந்து போனால் குளோரஸ். ரெண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு 'ட்'. இங்கிலீஷில் அது டி, டி என்று இரண்டு வேறு எழுத்து. தமிழில் ஒரே ட. ஒற்றையாக வந்தால் மெல்ல ஒலிக்கும், இரட்டித்தால் அழுத்தி ஒலிக்கும் என்ற நம்ம உச்சரிப்பு வழக்கம்தான் அங்கே கெமிஸ்ட்ரியைக் காப்பாற்றுகிறது. கவனக்குறைவாக டைப் அடிக்கிற ஒருத்தர் அந்த ட்-ஐ விழுங்கிவிட்டால் போச்சு.

2010ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் ஆரம்பித்தது. ஆக இந்தப் பெயர்ப் பிரச்சனை ஸ்கூலோடு முடிந்துபோன ஒன்று இல்லை, நம்ம பக்கத்து வகுப்பறை வரைக்கும் வந்திருக்கு.

தீராத கேஸ் ஒன்று இன்னும் கிடக்கிறது. பாஸ்பரஸ் என்பது தனிமம். நாலு ஆக்சிஜன் உள்ள அமிலம் பாஸ்பாரிக், கோலா பாட்டிலில் போடுகிறது. மூணு ஆக்சிஜன் உள்ளதற்கு ரூல்படி 'அஸ்' வால் போட்டால் பாஸ்பரஸ் அமிலம். இங்கிலீஷில் தனிமத்தின் பெயருக்கும் அமிலத்தின் பெயருக்கும் நடுவில் ஒரு 'ஓ' எழுத்து கூடும், ஸ்பெல்லிங்கைப் பார்த்தாவது பிரித்துவிடலாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. பாஸ்பரஸ் அமிலம் என்றால் பாஸ்பரஸின் ஏதோ ஓர் அமிலமா, இல்லை குறிப்பாக அந்த மூணு ஆக்சிஜன்காரனா? எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. 1936ல் பச்சையப்பன் கல்லூரியில் கூடினவர்கள் முன்னால் இருந்த அதே சிக்கல், வேறு தனிமத்தில். யாருக்காவது நல்ல விகுதி தோன்றினால் மேகஸின் மெயிலுக்கு அனுப்புங்கள்.